அண்ணன் தலைக்கு மேல் இருந்த வில்

வில்லைச் சுவரில் சாத்தி வைக்கிறவனைக் கண்டால் அண்ணனுக்குக் கோபம் வரும். ஊரில் வில் இருந்ததே எங்கள் வீட்டில் மட்டும்தான் என்பதால், அந்தக் கோபம் முழுக்க என் தலையிலேயே விடிந்தது. சின்ன வயதில் ஒருமுறை ஒட்டடை அடிப்பதற்காக அதை எடுத்து மூலையில் சாத்திவிட்டு மறந்துபோனேன். எனக்குக் கல்யாணமாகி, பேரன் எடுத்து, தலை நரைத்த பிறகும் அதைச் சொல்லிக் காட்டுவதை அண்ணன் நிறுத்தவில்லை. "வில்லுங்கிறது விளக்குமாறா, மூலையில சாத்துறதுக்கு?" என்பார். சாத்தி வைத்தால் மூங்கில் தன் பாரத்தாலேயே ஒரு பக்கம் கோணிவிடும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பாடம் அது.

அது சாமியின் வில். விஜயதசமி அன்று சாயங்காலம் எங்கள் ஊர்ச் சாமி குதிரை வாகனத்தில் பொட்டலுக்கு வரும். அங்கே நட்டு வைத்திருக்கும் வாழை மரத்தின் மேல், சாமிக்குப் பதிலாகப் பூசாரி அம்பு போடுவார். மகர்நோன்பு என்போம். வருடத்தில் அரை மணி நேர வேலைதான் அந்த வில்லுக்கு. மற்ற நாளெல்லாம் அண்ணன் வீட்டில் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடப்பதற்குத்தான் அத்தனை சட்டம்.

பூசாரி கடைசி அம்பை விட்டதும் அண்ணன் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் வில்லை வாங்கி, பொட்டலிலேயே நாணை அவிழ்த்துவிடுவார். நாண் பூட்டியபடியே கிடந்தால் மூங்கில் அந்த வளைவுக்கே பழகி விறைப்பு போய்விடும். ஒரு வருடம் அவருக்குக் காய்ச்சல். வில்லை நான் கொண்டுபோய், நாணை அவிழ்க்காமல் அப்படியே வீட்டில் வைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்து அவிழ்த்தேன். அடுத்த வருடம் அம்பு வாழை மரம் வரைக்கும் போகாமல் நாதஸ்வரக்காரரின் காலடியில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்துகிறது.

தெற்கு அறைச் சுவரில் இரண்டு மரமுளைகள் அடித்திருந்தார். வில் அவற்றின் மேல் படுத்துத்தான் கிடக்கும். அமாவாசைக்கு அமாவாசை அதை இறக்கி, உள்ளங்கையில் நாலு சொட்டு இலுப்பை எண்ணெய் விட்டுத் தேய்ப்பார். கணக்கு சொட்டில் இல்லை, கையில். உள்ளங்கை சூடாகும்வரை தேய்க்க வேண்டும், அப்போதுதான் மூங்கில் எண்ணெயைக் குடிக்கும் என்பார். பிறகு பழைய வேட்டித் துணியில் இரண்டு துண்டு வசம்பு வைத்துச் சுற்றி, போன மாதம் கீழே இருந்த பக்கத்தை மேலே திருப்பி வைப்பார். பிளாஸ்டிக் உறை கூடாது, வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடுப்பங்கரைச் சுவர் கூடாது, வெயில் படும் சுவரும் கூடாது. நான் காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். "ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சுட்டா இந்த வம்பே இல்லையேண்ணே" என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.

போன வருடம் சித்திரையில் அவருக்கு ஈரலில் கட்டி என்றார்கள். மதுரையில் டாக்டர் என்னையும் மதினியையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்ததைக் கொடுங்கள் என்று சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன். மழைக்காலம் வரைக்கும் என்றார். அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளைகள் இல்லை. மதினி அந்த வராந்தாவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுகளுக்குத் தெரிய வேணாம் தம்பி" என்றார். நானும் தலையை ஆட்டினேன். கட்டி மாத்திரையிலேயே கரைந்துவிடுமாம் என்று அண்ணனிடம் சொன்னோம். அவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காமலே எடுத்துவிட்டேன் என்று சொல்லும் முகங்களை நாள் தவறாமல் பார்த்தவர். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "அப்படியா, நல்லது" என்றார்.

குளியலறை ஒட்டியிருந்ததால் தெற்கு அறையில் கட்டில் போட்டோம். போட்டு முடித்துப் படுக்க வைத்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். வில் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவு விழுந்த வீட்டில் வில் இருந்தால் வில்லுக்கும் தீட்டு. தீட்டுப் பட்ட வில்லால் சாமி அம்பு போடாது. பங்காளி வீட்டில் கொண்டுபோய் வைக்கவும் முடியாது. செத்த செய்தி காதில் விழுந்த நொடியில் பங்காளிகள் எல்லோருக்கும் தீட்டு வந்துவிடும். எதிர் வீட்டில் இருக்கும் எனக்கும் அப்படித்தான். ஆகவே, வீட்டில் ஒருவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தால், அவருக்கு மூச்சு இருக்கும்போதே வில்லை எடுத்து, அந்தத் தீட்டு ஒட்டாத பெண் கொடுத்த வீட்டில் சேர்த்துவிட வேண்டும். வில் தெருவில் போனால் யார் போகப்போகிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். படுத்திருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

அப்பா படுத்திருந்தபோது அதைச் செய்தவர் அண்ணன்தான். அப்பா தூங்குகிறார் என்று நினைத்து, கட்டிலை ஒட்டிக் காலடிச் சத்தம் கேட்காமல் வில்லைத் தூக்கிக்கொண்டு போனார். வாசற்படியில் திரும்பிப் பார்த்தபோது அப்பா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு அப்பா கஞ்சி வேண்டும் என்றோ தண்ணீர் வேண்டும் என்றோ வாய்விட்டுக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். அந்தப் பார்வையைப் பற்றி அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். பேசும்போது அழுதார். அதனால்தான், கட்டிலுக்கு மேலே அந்தத் துணி மூட்டையைப் பார்த்ததுமே ஒரு முடிவுக்கு வந்தேன். வில் வெளியே போவதை இந்த ஆள் பார்க்கக் கூடாது. வில் அங்கேயே இருக்கிறவரை தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் நம்பட்டும். எனக்கு அது ஒன்றே போதும் என்றிருந்தது.

ஆனி, ஆடி இரண்டு மாதமும் வெக்கை தாங்கவில்லை. முதுகெல்லாம் வேர்க்குரு. மதினி விசிறி வீசி வீசித் தோள் வீங்கிப்போய்க் கிடந்தார். "கடையடைச்சுட்டு வரும்போது ஏசி ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிர்றேண்ணே" என்றேன்.

"வேணாம்டா. ஏசிக் காத்துல மூங்கில் வறண்டு வாயப் பொளந்துரும்."

"அப்ப வில்ல அடுத்த ரூமுக்கு மாத்திருவோம்."

"அங்குட்டு மேக்குச் சுவர். சாயங்கால வெயில் அடிக்கும். இங்கனயே கெடக்கட்டும்."

அடுப்பங்கரையில் மதினி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மூங்கிக் குச்சிக்காக மனுசன் வெந்து கெடக்கணுமா? அத எடுத்து அடுப்புல வச்சா என்ன தம்பி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அந்தக் குச்சியைத் தலையைச் சுற்றி எறிய வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. வில் வறண்டுவிடும் என்று கவலைப்படுகிற மனிதர் விஜயதசமிக்கு இருப்போம் என்று நினைக்கிறார் அல்லவா?

ஆவணி பிறந்ததும் ஊர் அம்பலம் கடைக்கு வந்தார். திருவிழாவை நடத்துகிற பெரியவர். ஆணி வாங்குவதுபோல் நின்று, ஆள் ஒழியும்வரை காத்திருந்தார்.

"வில்ல எப்ப மாத்தப் போறீக?"

"அண்ணன் நல்லாத்தான் இருக்காக."

"நான் இல்லைங்கலையே. நல்லாருக்கட்டும். ஆனா மகர்நோன்புக்கு முன்னால ஏதாச்சும் ஆயிருச்சுன்னா சாமி வெறுங்கையோட பொட்டலுக்கு வருமா? அத யோசிச்சுப் பாத்தீகளா?"

அவர் மேல் எரிச்சல் வந்தது. ஆனாலும் சொல்வதில் தப்பில்லை. அந்த வில்லை அண்ணன் இத்தனை வருடம் காத்தது எதற்காக? தான் செத்து அதைத் தீட்டாக்கினோம் என்று அவர் ஆத்மா வருந்தாதா? இரண்டு நாள் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அதை நினைத்து அப்போது எனக்கு ரொம்பப் பெருமை.

காரைக்குடியில் ஏணியும் சாரக்கட்டு மூங்கிலும் விற்கிற கடையில் நல்ல கெட்டி மூங்கில் ஒன்று வாங்கிப் பிளந்தேன். அதே நீளம், அதே அகலம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடையில் இருந்த மரச்சாயத்தைப் பூசிப் பழசாக்கினேன். அண்ணனுக்கு வயிற்றில் நீர் எடுக்க மதினி அவரைக் காரில் காரைக்குடி ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போன நாள் காலையில், முளையிலிருந்து நிஜ வில்லை இறக்கினேன். அதைச் சுற்றியிருந்த வேட்டித் துணியை, வசம்போடு சேர்த்து, என் மூங்கிலுக்குச் சுற்றி அதே முளைகளில் வைத்தேன். நிஜ வில்லைப் புதுக் காடாத் துணியில் சுற்றி, ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிப் புதுவயலுக்குக் கொண்டுபோனேன். தங்கச்சியை அங்கேதான் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை அரிசி மில்லில் வேலை பார்க்கிறார். படுக்கை வசமாக வைக்க வேண்டும், நெல் அவிக்கிற ஆவி அடிக்காத இடமாகப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் குரலிலேயே சொல்லிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை பீரோ மேலே வைத்தார்.

அடுத்த அமாவாசைக்குச் சோதனை. அண்ணனால் எழுந்து உட்கார முடியவில்லை. நீயே தேய், நான் பார்க்கிறேன் என்றார். நான் மூங்கிலை இறக்கித் துணியை அவிழ்த்தேன். நாலு சொட்டு எண்ணெய் விட்டு உள்ளங்கை சூடாகத் தேய்த்தேன். எண்ணெய் இறங்கவில்லை. சாயத்தின் மேல் மினுமினுவென்று நின்றது. அவர் பார்ப்பதற்குள் சட்டைக் கையால் துடைத்துவிட்டேன். தேய்க்கும்போது ஒரு தடவையாவது "அப்படியில்லடா" என்று சொல்லாத மனிதர் இல்லை அவர். அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்து, வில்லை மாற்றியது தெரிந்த மதினியிடம், "ஏமாந்துட்டாரு" என்று கிசுகிசுத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதை இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்று நாள் கழித்துக் கடைக்கு அவரே போன் செய்தார். குரல் நூலாக இருந்தது.

"வெக்கையா இருக்குடா. அந்த ஏசிய வாங்கிட்டு வந்து மாட்டிரு."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டார், வசதியாகப் படுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்வார் என்றெல்லாம் மனசு எங்கெங்கோ ஓடியது. பகல் சாப்பாட்டுக்குள் ஆளைக் கூட்டிவந்து மாட்டியாயிற்று. அறை குளிர்ந்தது. மதினி பல நாளுக்குப் பிறகு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டார். அண்ணன் கண்ணை மூடிக் கிடந்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். ஏசிக் காற்று நேராக மூட்டையில் அடித்தது. நடிப்பதே பழகிப்போயிருந்தது எனக்கு.

"காத்து நேரா வில்லுல அடிக்குதேண்ணே. ஏசித் தகட்டத் திருப்பி விடவா?"

"எந்த வில்லுல?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

ஏசிப் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். மதினி அடுப்பங்கரையில் இருந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுலதான இருக்கு?"

"ஆமாண்ணே."

"எப்ப எடுத்த?"

"நீங்க நீர் எடுக்கப் போன அன்னைக்கு."

"அன்னைக்குத் திரும்பி வந்து படுத்தப்பவே சாய நாத்தம் அடிச்சுச்சுடா." லேசாகச் சிரித்தார். சிரித்தது இருமலாக முடிந்தது. இருமி ஓய்ந்ததும், "உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதாண்ணே..." என்று இழுத்தேன்.

"எனக்குத் தெரியாம இருக்குமா? சித்திரையிலயே தெரியும். நீங்க ரெண்டு பேரும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சீக. நானும் விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நானே எண்ணெய் போட்டு, துணி சுத்தி, உன் கையில குடுத்திருப்பேன். அப்பாகிட்ட நான் செஞ்ச தப்பையே நீயும் செஞ்சுட்டியேடா."

அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கே கொண்டுவருகிறேன், ஒரு தடவை தேய்த்துக் கொடுங்கள், திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன் என்றேன். "பாரு" என்றார். அவ்வளவுதான்.

நாளைக்கே என்றுதான் சொன்னேன். போகவில்லை. அம்பலத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று போய்க் கேட்டேன். வெளியே போன வில்லைத் திரும்பச் சாவு வீட்டுக்குள் கொண்டுவருவதா என்று கத்தினார். "இன்னும் சாகலைல்ல" என்று நானும் கத்திவிட்டு வந்தேன். கத்தினேனே தவிர, தைரியம் வரவில்லை. நான் அங்கே போன நேரம் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால், வழியில் ஆகிவிட்டால் என்று நாலு நாள் யோசித்தேன். அந்த நாலு நாளும் அண்ணன் வில்லைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நான் அறைக்குள் நுழையும்போது மட்டும் கையைப் பார்ப்பார்.

ஐந்தாம் நாள் காலையில் புதுவயலுக்குப் போனேன். பீரோ மேலே வில் இல்லை. கதவுக்குப் பின்னால் மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள்.

"மேல மூட்டை வைக்க எடம் வேணும்னு எறக்குனேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. துணியை விலக்கிப் பார்த்தேன். மூங்கில் சொரசொரவென்று வறண்டிருந்தது. ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மில்லுக்கு வந்த லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தைத் தாண்டியதும் சட்டைப்பையில் போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினேன். மதினி நம்பர். இந்த நேரத்தில் அவர் கூப்பிட மாட்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு. எடுக்காமல் விட்டால் நான் இன்னும் சுத்தமானவன். வில்லும் சுத்தம். வண்டியைத் திருப்பி, மாப்பிள்ளையிடம் வில்லைக் கொடுத்துவிட்டு, பிறகு போனை எடுத்தால் ஊருக்குக் குறையில்லை, சாமிக்கும் குறையில்லை. இதெல்லாம் அந்த ரோட்டோரத்தில் எனக்குத் தெளிவாகத் தோன்றியது. வண்டியைத் திருப்பியும்விட்டேன். மதினி அந்தப் பக்கம் ஒற்றை ஆளாக, போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்ற நினைப்பு அதன் பிறகுதான் வந்தது. நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஒரு கையை வில்லின் மேல் வைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"எங்க இருக்கீக தம்பி?" என்றார் மதினி. "வில்லக் கொண்டாந்துட்டானான்னு கேட்டாக. வந்துக்கிட்டே இருக்காகன்னு சொன்னேன். அப்படியே போயிட்டாக."

தெருவில் அதற்குள் ஆள் கூடியிருந்தது. வில்லைக் கையில் பிடித்தபடி நடுக் கூட்டத்தில் நடந்தேன். அம்பலம் "ஐயையோ, அங்கயே நில்லுங்க, உள்ள கொண்டு போகாதீக" என்று குறுக்கே வந்தார். நான் விலகிக்கொண்டு உள்ளே போனேன். எண்ணெய்க் குப்பி அலமாரியில் இருந்தது. அண்ணன் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, வில்லை அதற்குள் வைத்து, என் கையால் அவர் கையைப் பிடித்துத் தேய்த்தேன். மூங்கில் எண்ணெயைக் குடித்தது. எவ்வளவு தேய்த்தும் அந்தக் கை சூடாகவில்லை. மதினிதான் வந்து என் கையை எடுத்துவிட்டார்.

அந்த வருடம் சாமி வெறுங்கையோடு பொட்டலுக்கு வந்து திரும்பியது என்று சொன்னார்கள். நான் போகவில்லை. இப்போது புது வில் செய்து வேறு வீட்டில் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருப்பதை யாரும் கேட்பதில்லை, கேட்கப் போவதுமில்லை. அமாவாசைக்கு அமாவாசை எதிர் வீட்டுக்குப் போய் அதை இறக்கி, தேய்த்து, புரட்டி வைத்துவிட்டு வருகிறேன்.

மதினி இப்போது அந்த அறையில்தான் படுக்கிறார். இந்தச் சித்திரையில் ஒருநாள் பகலில் நான் போனபோது சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"ஏசி சும்மாதான கெடக்கு, போட்டுக்கங்க மதினி" என்றேன்.

"மேல வில்லு இருக்குல்ல தம்பி" என்றார்.